முழங்கால் தண்ணீரில் அராலி வரை

டிசம்பர் 18, 2024, புதன் – அளவெட்டி

விடியப்புறம் ஆனையிறவு தாண்டும்போது பஸ் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர். மழை விட்டிருந்தது, வாடைக்காற்று மட்டும் பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் பொதிப்பெட்டியில் பதினாறு கிலோ பாரத்தில் ஒரு நீலப் பை. கொழும்பு வெள்ளவத்தையில் ஏற்றும்போது நடத்துநர் தூக்கிப் பார்த்துவிட்டு ஓர் ஆளுக்கான காசு கேட்டார். உள்ளே காற்றடித்து விடும் படகு, வழுக்கியாற்றில் விடப் போகிறோம் என்றேன். “வழுக்கியாத்திலையோ? நான் அந்தப் பக்கம் சங்குவேலி, அக்கா” என்றவர் பாதிக் காசுதான் வாங்கினார். மல்லாகத்தில் இறங்கியபோது அவரே பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்துவிட்டார்.

படகு தம்பியுடையது. நோர்வேயிலிருந்து போன ஆடியில் வந்தபோது கொண்டுவந்தான். கசூரினாக் கடற்கரையில் இரண்டு நாள் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு என்னிடம் விட்டுப் போனான். பத்தடி நீளம், இரண்டு பேர் இருக்கலாம், பக்கத்துக்கு ஒன்றும் அடியில் ஒன்றுமாக மூன்று காற்றறை. அலமாரிக்கு மேலே அது கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே யோசனைதான் வரும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வற்றாத ஆறு இல்லை என்பதுதான் சரி. மாரியில் மட்டும் ஓடும் ஆறு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை வழியாக அராலியில் கடலேரியில் விழுகிறது. மொத்தம் 16 கிலோமீற்றர் வரும். ஆவணங்களில் வழுக்கையாறு, ஊர் வாயில் வழுக்கியாறு. நாற்பத்தொரு வயதுக்குள் அதன் மதகுகளை ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அக்கா வீட்டில் பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்கி மூன்றாம் நாள். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு, பின்னேரம் கோயிலில் கதைப் படிப்பு. எனக்கு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். சொதி தண்ணியாக இருந்ததற்கு அக்கா இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். தேங்காய் ஒன்று இருநூறு ரூபாய். “பால் பிழியேக்கை கை நடுங்குதடி” என்றாள்.

படகைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த மாதம் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் கலந்த எலி மூத்திரத்தால் வருகிறது, இறந்தவர்களும் இருக்கிறார்கள். “ஊரெல்லாம் தண்ணிக்கை இறங்காதை எண்டு ஒலிபெருக்கி கட்டிச் சொல்லினம், நீ கொழும்பிலையிருந்து இறங்கவே வாறாய்?” பக்கத்து வளவில் இருப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் வந்து என் காலைப் பார்த்தார், அக்காவின் மகனான என் பெறாமகன் காலையும் பார்த்தார். காயம் ஏதும் இல்லை. வயற்காரருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினையே எங்களுக்கும் வாரத்துக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம் என்று எழுதுவித்துத் தந்தார். கம்பூட்ஸ் போட வேண்டும், புண் இருந்தால் இறங்கக் கூடாது, வாயில் தண்ணீர் போகக் கூடாது, கரைக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் என்னைக்கொண்டு திருப்பிச் சொல்ல வைத்தார்.

பின்னேரம் முற்றத்தில் காற்றடித்துப் பார்த்தோம். பெறாமகனுக்கு இருபது வயது, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறான், கையில் நிறைய நேரம் இருக்கிறது. பம்ப் அடிக்கிற சத்தத்துக்கே நாலு வளவு ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எண்பது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர் படலை திறந்து வந்து படகின் பக்கத்தைக் கைவிரலால் தட்டிப் பார்த்தார். தவிலைத் தட்டிப் பார்ப்பதுபோலவே இருந்தது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர் அல்லவா. “இன்னும் கொஞ்சம் இறுக்கு தம்பி, சத்தம் காணாது” என்றார். அவர் சொன்னபடி பத்துத் தரம் அடித்தபிறகு படகின் அடி கல்லுப்போல நின்றது.

டிசம்பர் 19, வியாழன் – அளவெட்டியிலிருந்து கந்தரோடை

காலை ஏழு மணிக்கு லான்ட்மாஸ்ரர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் படகைக் கட்டிக்கொண்டு வயல் வெளிக்குப் போனோம். வண்டிக்காரர் காசு வேண்டாம் என்றார், டீசலுக்கு என்று ஐந்நூறு ரூபாய் வைத்தோம். இந்த இடத்தில் ஆறு என்று சொல்லுவது வயலுக்கு நடுவே போகும் ஓர் அகல வாய்க்கால். பத்துப் பன்னிரண்டு அடி அகலம், தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே. தெளிந்த தண்ணீர் என்று சொல்ல முடியாது, தேத்தண்ணி நிறம். ஆனால் ஓடுகிறது. ஒரு பூவரசம் இலையைப் போட்டோம். பெறாமகன் கரையால் நடந்துவர, அவனுக்குச் சமமாக மிதந்து வந்தது. அதைப் பார்த்தபோது தொண்டையில் என்னவோ அடைத்தது. எங்கள் ஊரில் ஓடுகிற தண்ணீர்!

ஏறி இருந்த மூன்றாவது நிமிடம் படகு நின்றுவிட்டது. படகின் அடியில் நேராகப் போக உதவும் ஒரு பிளாஸ்ரிக் செட்டை இருக்கிறது, அரை அடி நீளம். அது சேற்றில் குத்தி நின்றது. இறங்கி அதைக் கழற்றினோம். கழற்றினால் படகு நேராகப் போகாது, ஒரு வலிப்புக்கு மூக்கு இடப்பக்கம், அடுத்ததுக்கு வலப்பக்கம். ஆனால் முக்கால் அடித் தண்ணீரில் மிதக்கும். பிறகு துடுப்பை வலிப்பதை விட்டுக் கடலேரித் தோணிக்காரர் மரக்கோல் ஊன்றித் தாங்குவதுபோல ஊன்றித் தள்ளினோம். அது நன்றாக வேலை செய்தது. புல் அடைத்த இடங்களில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து நடந்தோம். நான்கு மணித்தியாலத்தில் மூன்று கிலோமீற்றர் போயிருப்போம்.

ஊர்களைப் பின்பக்கத்தால் பார்த்துக்கொண்டு போகிறோம். வீதியால் போனால் மதிலும் கேற்றும்தான் தெரியும். ஆற்றால் போனால் ஆட்டுக்கொட்டில், தண்ணீர் இறைக்கும் மெஷின், காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை, புகை வருகிற குசினி. ஒரு வளவின் பின்பக்கம் அம்மா ஒருவர் பனம்பாத்தி கிண்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “பிள்ளையள், வெள்ளத்துக்கை அம்பிட்டுட்டியளோ?” இல்லை அம்மா, சும்மா போகிறோம் என்றேன். நம்பவில்லை. வேலி ஓரம் வந்து ஆறு பனங்கிழங்கு கட்டாகக் கட்டித் தந்தார், மண்ணோடு. வெள்ளத்தில் அகப்பட்டவர்களுக்குக் கொடுப்பதாகவே கொடுத்தார். காசு கொடுக்க எடுத்த என் கையைத் தள்ளிவிட்டார். இரவு அக்கா அவித்துத் தந்தாள். உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிடும்போது அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று மனம் குறுகுறுத்தது.

மதகுகள்தான் கஷ்டம். சின்ன ஒழுங்கை ஆற்றைக் கடக்கிற இடமெல்லாம் மதகு, சிலதில் கொங்கிறீற் குழாய்தான். குழாய்க்குள் படகு போகாது. இறக்கி, தூக்கி, வீதி கடந்து, மறுபக்கம் விட வேண்டும். இன்றைக்கு ஏழு தடவை அப்படித் தூக்கினோம். தூக்குவது பெரிய விஷயமில்லை. மதகு வாயில் என்ன அடைந்திருக்கிறது என்று கிட்டப் பார்த்ததுதான் பெரிய விஷயம். குழந்தைகளின் பம்பேர்ஸ், பாதி நிறைந்த பிளாஸ்ரிக் போத்தல்கள், கோழிக்கடைக் கழிவு கட்டிய பைகள், ஒரு மெத்தை. அவற்றின் மேல் சல்வீனியா என்ற நீர்க்களை படர்ந்து பச்சைப் பாய் விரித்ததுபோல மூடியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அழகான பச்சை. மதகுக்கு மேல் பக்கத்துத் தண்ணீர் கீழ்ப் பக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. போன மாதக் கடைசியில் பெய்த மழைக்கு வயல்களில் நாட்கணக்காக வெள்ளம் நின்றதே, ஏன் என்று கேட்டவர்களை இந்த மதகடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கம்பு கொண்டு ஒரு மதகைக் கொஞ்சம் கிளறிவிட்டோம். தண்ணீர் ‘கொளக்’ என்று இழுத்துக்கொண்டு போனது. மற்ற ஆறு மதகுக்கும் நேரம் இல்லை.

பகல் இரண்டு மணிக்குக் கந்தரோடை. பெயரிலேயே ஓடை இருக்கிறது, இத்தனை நாளும் அது எனக்குக் கேட்கவில்லை. 1917இல் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் இங்கே தோண்டியபோது ரோம நாணயங்கள் வரை கிடைத்தன. அவ்வளவு பழைய குடியிருப்பு ஒன்று ஏன் இந்த இடத்தில் வந்தது என்று மேசையில் இருந்து யோசித்தால் ஒன்றும் தோன்றாது. ஆற்றில் இருந்தபடி பார்த்தால் குளமும் வயலும் தண்ணீர் வழியும் ஒன்றாகச் சேருகிற இடம் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ ஐம்பது ரூபாய், உழுந்து வடை எழுபது. சேற்றுக் காலோடு உள்ளே போகத் தயங்கினோம். கடைக்கார அண்ணை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வெளியே வாங்கு போட்டுத் தந்தார். அன்றிரவு படகைக் காற்றோடு அவருடைய வளவிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

டிசம்பர் 20, வெள்ளி – சண்டிலிப்பாய்

இந்த நாளை நீட்டி எழுதத்தான் வேண்டும்.

காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. கந்தரோடைக்குக் கீழே ஆறு கொஞ்சம் அகன்று, கரையில் மருதமரங்கள் நிற்கும் ஒரு நீட்டு வந்தது. அந்த அரை மணித்தியாலம் முதன்முதலாகத் துடுப்பை ஒழுங்காக வலித்துப் போனோம். காற்று முதுகில், தண்ணீர் இடுப்பளவு. மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பாகத் தாவித் தாவிப் போனது. அப்புறம் மழை. வயலுக்கு மறுகரையில் இருந்து வெள்ளையாக நடந்து வந்தது, நாங்கள் கரையேறுமுன் நனைத்துவிட்டது.

வயல் கொட்டில் ஒன்றில் ஓர் ஐயா தனியாக இருந்தார். “வாங்கோ வாங்கோ, உதைத் திருப்பிப் போட்டிட்டு வாங்கோ, தண்ணி நிரம்பும்” என்று கூப்பிட்டார். சாக்கு ஒன்றை விரித்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு கையில் வைத்தார். மூன்று பேருக்கு இரண்டு குவளை. தனக்குப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டார்.

அவருக்குப் பதினெட்டுப் பரப்பு வயல் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு). யாழ்ப்பாணத்தில் நெல் ஒரு போகம்தான், மழையை நம்பி விதைப்பது. போன மாத வெள்ளத்தில் நாலு நாள் பயிர் தெரியவில்லை என்றார். மேட்டுப் பக்கம் தப்பிவிட்டது, பள்ளத்தில் எட்டுப் பரப்பு அழுகிவிட்டது. அந்த எட்டுப் பரப்பையும் கை நீட்டிக் காட்டினார். மற்ற இடமெல்லாம் பச்சை, அது மட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் படுத்திருந்தது. “கடையிலை அரிசி இல்லையெண்டு சனம் வரிசையிலை நிக்குது பிள்ளை, கிலோ இருநூற்று முப்பதெண்டு அரசாங்கம் விலை போட்டிருக்கு. இஞ்சை நெல்லு தண்ணிக்கை கிடந்து செத்துப்போச்சு.”

வெள்ளத்தை வெறுக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வெள்ளத்தை வெறுத்தால் சித்திரையிலை என்னத்தைக் குடிக்கிறது? இந்தத் தண்ணி நிண்டு நிலத்துக்கை இறங்கினால்தான் கிணறு. ஆனால் நிக்கவும் வேணும், போகவும் வேணும். எவ்வளவு நிக்கிறது, எவ்வளவு போறது எண்டு ஆற்றுக்குத் தெரியும். மதகை அடைச்சவைக்குத் தெரியாது.”

எங்கள் நிலம் சுண்ணக்கல். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகப் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் விழுந்துவிடும். அது கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்த் தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அதிலிருந்துதான். சில வருடங்களுக்கு முன் சுன்னாகம் பக்கம் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தபோது, கிணற்றைப் பார்த்து அழுத சனத்தை நான் அறிவேன். நல்ல தண்ணீரை உள்ளே அனுப்புகிற வழி இந்த ஆறும் இதைச் சுற்றியுள்ள குளங்களும்தான். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். கொட்டிலில் இருந்து அந்த மஞ்சள் எட்டுப் பரப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது வேறாக இருந்தது.

மழை விட்டபிறகு படகைத் தண்ணீரில் தள்ளிக் கொடுத்தவர், ஒரு வேலை தந்தார். “அராலிக்குத்தானே போறியள். அணைக் கதவு திறந்திருக்கோ எண்டு பாத்து எனக்கொருக்கா ரெலிபோன் எடுங்கோ. என்னாலை அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க ஏலாது.” பெறாமகன் அவருடைய இலக்கத்தைத் தன் போனில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் கூடப் போயிருக்க மாட்டோம், கரையில் சரிந்து கிடந்த பனை மட்டை ஒன்றின் மேல் படகு ஏறியது. பனங்கருக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ‘ஸ்ஸ்’ என்று சத்தம், இடப்பக்கக் காற்றறை என் தொடையடியில் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மற்ற இரண்டு அறையும் நின்றதால் மூழ்கவில்லை. சரிந்த படகைக் கரைக்கு இழுத்து, காற்றைத் திறந்துவிட்டு, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு சண்டிலிப்பாய் வீதிக்கு ஏறினோம். பெறாமகனின் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. கம்பூட்ஸ் சூடு என்று அவன் காலையிலேயே கழற்றியிருந்தான். காலில் காயம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

சைக்கிள் கடை ஒன்று. கடைக்கார அண்ணைக்கு ஐம்பது வயது இருக்கும். படகை விரித்துக் காட்டியதும் செய்துகொண்டிருந்த வேலையை ஓரம் வைத்தார். திரும்பக் கொஞ்சம் காற்றடிக்கச் சொல்லி, சவர்க்கார நுரையைத் துணியில் தோய்த்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஓட்டை, கருக்குப் பல்லின் இடைவெளியில். சைக்கிள் ரியூப் ஒட்டுத் துண்டு வைத்துப் பார்த்தார். பிடித்ததுபோல இருந்து, காற்றடித்ததும் ஓரம் எழும்பியது. “இது ரப்பர் இல்லை, பிளாஸ்ரிக். றப்பர் சொலுசன் பிடிக்காது” என்றார். படகுப் பையில் அதே பிளாஸ்ரிக்கில் ஒரு சின்னத் துண்டு இருந்தது, பசை இல்லை. விமானத்தில் பசை கொண்டுவர விடாததால் தம்பி எடுத்துவிட்டிருந்தான். அண்ணை தன் மகனை ஹாட்வெயாருக்கு அனுப்பித் தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசை வாங்குவித்தார், இருநூற்று எண்பது ரூபாய். துண்டின் மூலைகளை நாணயம் வைத்து வட்டமாக வெட்டினார். மூலை இருந்தால் அங்கேதான் முதலில் உரியுமாம். எமெரித் தாளால் இரண்டு பக்கமும் மங்கும் வரை உரஞ்சி, பசையை மிக மெல்லிசாகத் தடவி, ஊதி, விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டி, மேலே ஒரு தட்டையான இரும்பும் அதன் மேல் பழைய சைக்கிள் கிராங் ஒன்றும் பாரம் வைத்தார். “நாளைக்கு விடியத்தான் எடுக்க வேணும். அவசரப்பட்டால் நான் பொறுப்பில்லை.”

கூலி நூற்றைம்பது ரூபாய். ஐந்நூறு கொடுத்தேன், மிச்சத்தை எண்ணித் திருப்பித் தந்தார். பெறாமகனுக்கு ஒரு சோடி பழைய செருப்பும் எடுத்துக் கொடுத்தார், நாளைக்குத் திருப்பித் தந்தால் போதுமாம்.

டிசம்பர் 21, சனி – நவாலி

ஒட்டு நின்றது. விடிய அண்ணையே காற்றடித்து, படகின் மேல் ஏறி நின்று காட்டினார்.

இன்றைக்கு வெயில். நேற்றைக்குப் பயந்து காற்றை முழுதாக இறுக்கவில்லை, வெயிலில் காற்று விரியும். கரையில் ஏற்றி வைக்கும்போதெல்லாம் வால்வைத் திறந்து கொஞ்சம் விட்டுக்கொண்டோம். ஆறு இங்கே ஆறுபோலவே இருக்கிறது. இரண்டு பக்கமும் வயல் வெளி, நடுவில் இருபது முப்பது அடிக்குத் தண்ணீர், ஓரத்தில் சம்பும் தாழையும். கொக்குகள் எழும்பாமல் எங்களைப் பார்த்தபடி நின்றன. படகுக்குச் சத்தம் இல்லை என்பதாலோ என்னவோ, ஐந்தடி கிட்டப் போகும்வரை ஒரு நாரை அசையவில்லை. அதன் கண்ணின் மஞ்சள் வளையம் வரை தெரிந்தது. பாலமொன்றின் மேல் தூண்டிலோடு நின்ற சின்னப் பொடியன்கள் ஜப்பான் மீன் ஒரு கோர்வை பிடித்திருந்தார்கள். ஒரு சுற்று ஏற்றிப் போகச் சொன்னார்கள். உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது, அதனால் ஒவ்வொருவராகப் போட்டு, பெறாமகன் படகில் இருக்க நான் கரையால் கயிறு பிடித்து நடந்தேன். ஐந்து பேர், ஒரு மணித்தியாலம். அவர்களுக்கு இந்த ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அளவெட்டிப் பக்கமிருந்து வருகிறோம் என்று சொன்னதும், தண்ணீரிலேயே வந்தீர்களா, தண்ணீரிலேயே வந்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

நவாலியில் படகை ஒரு வீட்டில் விட்டுவிட்டு சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்கு நடந்து போனேன். 1995 ஜூலை 9. இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே வருடம் ஐப்பசி கடைசியில் வலிகாமப் பகுதிச் சனமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது மழையில் நானும் நடந்தேன். தேவாலயத்தில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் காணாது என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை ஓடிப் போனாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

படகு விட்ட வீட்டில் கிறிஸ்மஸ் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பயற்றம் பணியாரம் எண்ணெயிலிருந்து எடுத்தபடி சுடச்சுட, அச்சுப் பலகாரம், ஒரு கிளாஸ் நன்னாரித் தண்ணீர். அந்த வீட்டு அன்ரி எங்களிடம் பேசியதெல்லாம் எண்ணெய் விலையைப் பற்றித்தான், ஆனால் பெறாமகனின் தட்டு ஒரு தடவையும் வெறுமையாகவில்லை. அக்காவுக்கு என்று ஒரு பொதியும் கட்டித் தந்தார். விரதம் என்றேன். “அப்ப விரதம் முடியத் தின்னட்டும், இது கெடாது.”

டிசம்பர் 22, ஞாயிறு – அராலி

கடைசி நீட்டு, வட்டுக்கோட்டை வயல்களைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடுகின்றன. தரவை, வானம், காற்று. நான்கு நாளும் எங்களுக்கு உதவிய வாடை இங்கே வேறு ஆளாகிவிட்டது. முதுகில் அடித்துப் படகை அணைக்கு நேராகத் தள்ளியது. செட்டை இல்லாததால் மூக்கைத் திருப்பவும் முடியவில்லை. திறந்த கதவு ஒன்றின் இழுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று உண்மையிலேயே பயந்தேன். பெறாமகன் யோசிக்காமல் தண்ணீரில் குதித்தான். மார்பளவுதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் இழுத்தான். வலைக்காரர் இருவர் ஓடிவந்து கை கொடுத்தார்கள். மூத்தவர் என்னைக் கடிந்துகொண்டார்: “தங்கச்சி, கதவு திறந்திருக்கேக்கை மேல் பக்கத்தாலை வரப்பிடாது. எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பம்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. முதல் நாளே ஒருவர் வந்து அணையைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மூச்சு வந்தபிறகு அணையின் மேல் ஏறி நின்றோம். வடக்குப் பக்கம் ஆற்றுத் தண்ணீர், மண் நிறம். தெற்குப் பக்கம் கடலேரி, சாம்பல் நிறம், சின்னச் சின்ன அலை. கதவுக்கு வெளியே மண் நிறம் விசிறிபோல விரிந்து போகிறது. கடலேரித் தண்ணீர் உள்ளே வந்து வயலையும் கிணற்றையும் கெடுக்காமல் தடுப்பதும், மழைத் தண்ணீரை அளவோடு நிறுத்தி வைப்பதும் இந்த அணையின் வேலை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று திட்டம் போட்டாரே, ஆனையிறவில் கடலை மறித்து, வன்னியிலிருந்து வருகிற தண்ணீரை வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுபோய், உவர் ஏரிகளை நன்னீராக்குவது என்று, அந்தப் பெரிய திட்டம் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவள் நான். ஆனால் இருக்கிற ஆற்றின் ஏழு மதகை முதலில் துப்பரவாக்கலாம். அதற்கு ஒரு லான்ட்மாஸ்ரரும் பத்துப் பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். எழுத வந்ததே இதைச் சொல்லத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தைக்குள் அளவெட்டிப் பொடியன்களைச் சேர்ப்பதாகப் பெறாமகன் சொல்லியிருக்கிறான், நானும் லீவு போட்டு வருவேன்.

மத்தியானம் அராலி மாமி வீட்டில். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் குளித்தோம். பெருங்கதை வீட்டில் நான்கு நாள் மரக்கறி சாப்பிட்ட வாய்க்கு மாமி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். முருங்கை இலை போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாக, குத்தரிசிச் சோற்றோடு. வலைக்கார அண்ணையிடம் கிலோ ஆயிரத்து அறுநூறுக்கு வாங்கினாராம். பேச்சில்லாமல் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் வயற்கார ஐயாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“ஐயா, கதவு திறந்திருக்கு. தண்ணி போகுது.”

“என்ன நிறம் பிள்ளை?”

“மண் நிறம்.”

“மேலாலை இலை கிலை, சருகு ஏதும் வருதோ?”

“வருது ஐயா. வைக்கோலும் வருது.”

“அப்ப எங்கட பக்கத்துத் தண்ணிதான்” என்றார். பின்னால் வாடை இரைகிற சத்தம் கேட்டது, வயலில்தான் நிற்கிறார் போல. கடலேரியில் எவ்வளவு தூரத்துக்கு அந்த நிறம் தெரிகிறது என்று கேட்டார். அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. பொறுங்கோ என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி திரும்ப அணைக்கு நடந்தேன்.